பசிக்குதா என்று கேட்டவர்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் அண்ணி அவர்களே, துணி போட்டு மூடிவைத்திருக்கும் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்திலேயே முன்கூட்டி வந்து இடம் பிடித்துவிட்ட சனிக்கிழமைக் குழுவின் மாவீரர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு ஒதுக்கியிருப்பது கொஞ்ச நேரம்தான். செயலாளர் இப்போதே கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பார்க்கட்டும். இன்றைக்கு என் மனதில் உள்ளதைக் கொட்டாமல் நான் இறங்கப்போவதில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் பல் டாக்டர். அடுத்தவர் வாயைத் திறக்கவைத்துப் பிழைப்பு நடத்துகிறவன். மறைந்த நம் பசியண்ணன் லிஃப்ட் மெக்கானிக். இந்த மாடிக்கு ஏறி வந்தீர்களே, அந்த லிஃப்டும் அவர் கைபட்டதுதான். போன மாதம் ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பி, ஷூ மாட்ட உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. படுக்கை இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. போகும்போதுகூட யாருக்கும் தொந்தரவு கொடுக்காத மனிதர்! அவரைப் புகழ்ந்து பேசச் சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். புகழ்வேன். வாய் வலிக்கப் புகழ்வேன். ஆனால் ஒருவரோடு சண்டை போடவும்தான் மேடை ஏறியிருக்கிறேன்.

யாரோடு? அண்ணியோடு!

ஆமாம் அண்ணி, உங்களோடுதான். முறைக்காதீர்கள். அண்ணன் போனதிலிருந்து நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை. அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து வைத்த பாத்திரங்கள் மூடி திறக்காமலே திரும்பிப் போகின்றன. போன வாரம் நாங்கள் வீட்டுக்கு வந்தபோது என்ன சொன்னீர்கள்? "அவரே போயிட்டாரு. சனிக்கிழமையும் அவரோட போயிடுச்சு. இனிமே என்னக் கூப்பிட வராதீங்க தம்பி." இதைக் கேட்டுவிட்டு நாங்கள் சும்மா இருப்போமா? இந்தச் சபை சும்மா இருக்குமா? வழக்கை இந்தச் சபையிலேயே வைக்கிறேன். முதலில் அண்ணன் யார் என்று சொல்கிறேன், பிறகு தீர்ப்புக்கு வருவோம்.

நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் எப்படி இருந்தேன் தெரியுமா? வத்தலும் தொத்தலுமாக இருந்தேன். காலையில் ரொட்டி, மதியம் ரொட்டி, ராத்திரி அதே ரொட்டியின் மிச்சம். வெளியே போய்ச் சாப்பிடப் பயம். பெயர் வாயில் நுழையாது, என்ன போட்டுச் சமைத்தார்களோ தெரியாது, கேட்க மொழியும் தெரியாது. கோட்டுப் பைக்குள் ஒரு ஊறுகாய் பாட்டில். அதுதான் எனக்குச் சொந்தபந்தம். அப்படி ஒரு நாள் என் கிளினிக் இருந்த கட்டடத்தின் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே நான் ஒருவன்தான். பொத்தானை எல்லாம் அமுக்கிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, "கடவுளே, சாவுறது சாவுறேன், ஒரு வாய் நல்ல சோறு தின்னுட்டுச் சாகக் கூடாதா" என்று வாய்விட்டுப் புலம்பினேன். யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியம்!

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "பசிக்குதா?"

தமிழில்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு? யாருங்க அது?" என்றேன். "லிஃப்ட் ரிப்பேர்காரன். அத அப்புறம் பேசலாம். மொதல்ல சொல்லுங்க, பசிக்குதா?" என்றது குரல். "பசிக்குதுங்க" என்று சொல்லும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இழுத்துத் திறந்த கதவிடுக்கில் முதலில் கிரீஸ் படிந்த ஒரு கை வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவன்தான் உங்கள் முன்னால் நிற்கிறேன். கை கழுவினாரோ இல்லையோ, நேராகக் கட்டடத்தின் அடித்தளத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். அங்கே துப்புரவுப் பணியாளர்களுக்கென்று ஒரு சின்னச் சாப்பாட்டுக் கூடம் இருந்தது. அந்தக் கட்டடத்தில் நான் மாதக்கணக்காக வேலை பார்க்கிறேன், அப்படி ஒரு கூடம் இருப்பதே எனக்குத் தெரியாது! ஒரு கிண்ணம் சூடான பருப்புக் கஞ்சியை என் முன்னால் வைத்தார்கள். நான் கோட்டுப் பையில் கையை விட்டேன். அண்ணன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "டாக்டரே, மொதல்ல அவங்க சமைச்சத அவங்க சமைச்ச மாதிரியே சாப்பிடுங்க. அப்புறமா உங்க ஊறுகாயத் தொடுங்க." அன்றைக்கு ஊறுகாய் வெளியே வரவில்லை. அடுத்த முறையும் வரவில்லை. கடைசியில் அந்த பாட்டில் பூசணம் பிடித்துச் செத்தது. அதற்கு யாரும் இரங்கல் கூட்டம் போடவில்லை.

எப்படி அண்ணே இந்த இடத்தைக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னார்: "லிஃப்ட் குழிக்குள்ள தலைய விட்டுப் பாருங்க. கட்டடத்துல எங்க என்ன வேகுதோ அவ்வளவும் மூக்குக்கு வந்துடும்." கேட்டீர்களா? நாம் எல்லாம் லிஃப்டில் ஏறினால் கண்ணாடியில் தலை வாருவோம். அந்த மனிதர் அங்கே ஊர் முழுவதும் என்ன சமைக்கிறது என்று மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தார்!

அதிலிருந்து சனிக்கிழமைதோறும் ஒரு புது இடம், கூடவே புதிது புதிதாக ஆட்கள், அப்படித்தான் இந்தச் சனிக்கிழமைக் குழு உருவானது. அவர் கண்டுபிடித்த இடங்கள் கொஞ்சமா நஞ்சமா? டயர் கடைக்குப் பின்னால் ஒரு அம்மாள் கரி அடுப்பில் மீன் வாட்டும் இடம். பஸ் டிப்போவை ஒட்டி, டிரைவர்கள் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு ஓடும் சூப்புக் கடை. சலவைக் கடையின் மாடியில், சலவை ஆவியும் சாப்பாட்டு ஆவியும் கலந்து அடிக்கும் ஒரு அறை. எங்கேயும் மெனு அட்டையைத் தொடமாட்டார். சுற்றிலும் ஒரு பார்வை. எவன் தட்டை வழித்து வழித்துச் சாப்பிடுகிறானோ அவன் தட்டைக் காட்டி, "எங்களுக்கும் அதேதான்" என்பார். நம் நர்ஸம்மா இங்கே வந்த புதிதில் அறைக்குள்ளேயே அழுதுகொண்டு கிடந்தார்கள். ஒரு சனிக்கிழமை கதவைத் தட்டி "பசிக்குதா?" என்றார் அண்ணன். அந்தச் சூப்புக் கடைக்காரி இன்றைக்கு நர்ஸம்மாவை மகளே என்றுதான் கூப்பிடுகிறாள். சமயத்தில் பெற்ற அம்மாவைவிட உரிமையோடு திட்டுகிறாள்.

தோல்வியே இல்லையா? ஏன் இல்லை! ஒரு கடையில் எங்களுக்குத் தந்த இறைச்சி அவருடைய லிஃப்ட் பெல்ட்டுக்குச் சமமாக இருந்தது. அடுத்த வாரம் குழுவில் பாதிப் பேர் என் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தார்கள். அண்ணன் கொஞ்சமும் அசரவில்லை. "நல்லா இல்லன்னு கண்டுபிடிச்சோமில்ல, அதுவும் கண்டுபிடிப்புதான். டாக்டருக்கும் வியாபாரம் ஆச்சு" என்றார்.

இப்போது அண்ணியின் பங்குக்கு வருகிறேன். அண்ணனுக்கு மூக்குத்தான் பிரமாதம். நாக்கை நம்ப முடியாது. எதைக் கொடுத்தாலும் "ஆகா" என்பார். அதனால் எங்கள் குழுவில் ஒரு சட்டம் உண்டு. எந்தக் கடையானாலும் முதல் தட்டு அண்ணிக்கு. அண்ணி ஒரு வாய் சாப்பிடுவார்கள். நாங்கள் எல்லாரும் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற மாதிரி அவர்கள் முகத்தையே பார்ப்போம். இரண்டாவது வாய்க்குக் கை போனால் எல்லாருக்கும் தட்டு வரும். தண்ணீர் டம்ளருக்குக் கை போனால் மரியாதையாக எழுந்து நடையைக் கட்டவேண்டியதுதான். இந்தச் சட்டம் ஒரு முறைகூடப் பொய்த்ததில்லை. அந்த பெல்ட் இறைச்சிக் கடைக்கு அண்ணி வரவில்லை என்பதை நினைவூட்டுகிறேன்.

அப்படிப்பட்ட குழு செய்த ஒரு மாபெரும் பிழையை இந்தச் சபையில் சொல்லாமல் இருக்க முடியுமா?

மழை ஓய்ந்த ஒரு மதியம். பழைய வீடுகள் நெருக்கமாக நிற்கும் ஒரு தெரு. அண்ணன் திடீரென்று நின்று மூக்கைத் தூக்கினார். வாசனை! ஒரு வீட்டின் கதவு அகலத் திறந்திருக்கிறது. உள்ளே நீளமான மேசைகள். பெயர்ப்பலகை இல்லை, விளம்பரம் இல்லை, ஆனால் கூட்டமோ கூட்டம்! அண்ணனுக்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்? விறுவிறுவென்று போய் உட்கார்ந்துவிட்டோம். எதிர்ச் சுவரில் ஒரு பெண்மணியின் பெரிய படம். சுற்றிலும் பூ, பக்கத்தில் ஒரு விளக்கு. நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளில் கல்லாவுக்கு மேலே பார்த்திருப்பீர்களே, கடை ஆரம்பித்தவர் படம், அப்படியேதான்! "பாத்தீங்களா டாக்டரே, மொதலாளியம்மா! பரம்பரைக் கடை!" என்று காதில் சொன்னார் அண்ணன். நான் படத்தைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டேன். எல்லாரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நாகரிகமான வாடிக்கையாளர்கள் என்று மெச்சிக்கொண்டோம்.

தாடி வைத்த ஒரு பெரியவர் வந்து திகைத்துப்போய் எங்களைப் பார்த்தார். அண்ணன் பக்கத்துத் தட்டைக் காட்டினார். பெரியவர் உள்ளே போய்க் கொண்டுவந்தார். கிழங்கும் எலும்பும் போட்டு நாள் முழுக்கக் கொதிக்கவிட்ட கெட்டியான சாறு, மேலே பொரித்த வெங்காயம். அண்ணியின் கை இரண்டாவது வாய்க்குப் போனது. மூன்றாவது வாய்க்கும் போனது! அப்புறம் கேட்கவேண்டுமா? இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஒரு பிடி பிடித்தோம். கடைசியில் அண்ணன் பெரியவரைக் கூப்பிட்டு, அந்தச் சுவர்ப் படத்தைக் காட்டி, தனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில் கேட்டார்: "அம்மா கைப்பக்குவம் ரொம்பப் பிரமாதம். உள்ள இருந்தா கொஞ்சம் கூப்பிடுங்க, கும்பிட்டு நன்றி சொல்லிட்டுப் போறோம்."

பெரியவர் சொன்னார்: அவள் என் மனைவி. நேற்றுத்தான் அடக்கம் செய்தோம்.

அண்ணன் கையில் இருந்த கரண்டி கீழே விழுந்தது. அந்த அறையில் இருந்த எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். அந்த நேரத்தில், மொழியே தெரியாத நம் அண்ணி, காலியான தன் தட்டை எடுத்து அந்தப் பெரியவர் முன்னால் நீட்டினார்கள். இன்னும் கொஞ்சம் என்று! அண்ணி, அவர் சொன்னது உங்களுக்குப் புரிந்துதான் நீட்டினீர்களா, புரியாமல் நீட்டினீர்களா? இன்றுவரை எங்களுக்கு நீங்கள் சொன்னதில்லை.

பெரியவர் அந்தத் தட்டையே பார்த்தார். பிறகு சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் தட்டை வாங்கித் தொடாமல் வைத்துவிட்டுப் போகிறார்கள், என் மனைவியிடம் கற்றுக்கொண்டு அவள் தங்கை சமைத்தது இது, இன்னும் வேண்டும் என்று கேட்க இந்த வீட்டில் ஒருத்தர்கூட இல்லையே என்று நினைத்திருந்தேன் என்றார். தட்டை நிரப்பி அண்ணியிடம் கொடுத்துவிட்டு, தனக்கும் ஒரு தட்டு எடுத்துவந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். மனைவி போன பிறகு அவர் சாப்பிட்ட முதல் சாப்பாடு அதுதானாம்.

சபையோரே, கடைசி வரிசையைத் திரும்பிப் பாருங்கள். நான் பேசுவது ஒரு வார்த்தை புரியாவிட்டாலும், நான் கையை ஆட்டும்போதெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறாரே, அந்தத் தாடிப் பெரியவர்தான். அன்றிலிருந்து நம் குழுவில் அவரும் ஒருவர். நேற்றுப் பகலெல்லாம் அடுப்பு முன்னால் நின்று சமைத்து, அந்தப் பெரிய பாத்திரத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்து இறக்கியிருக்கிறார். அதே சாறு. அந்தத் துணிக்குக் கீழே இருப்பது அதுதான். இவ்வளவு நேரமாக என் பேச்சைக் கேட்பதுபோல் நீங்கள் மோப்பம் பிடித்துக்கொண்டிருப்பதும் அதைத்தான்.

அண்ணி, இப்போது வழக்குக்கு வருகிறேன். அண்ணனின் மூக்கு போய்விட்டது. அதற்கு ஈடு இந்த உலகத்தில் இல்லை. இப்போதெல்லாம் லிஃப்டில் ஏறினால் நானும் மூக்கைத் தூக்கிப் பார்க்கிறேன், ஒரு வாசனையும் பிடிபடுவதில்லை. ஆனால் சனிக்கிழமை அவர் ஒருவருடைய சொத்தா? போவதற்கு முந்தின நாள் என்னிடம் போனில் என்ன சொன்னார் தெரியுமா? "டாக்டரே, புதுசா ஒரு எடம் புடிச்சிருக்கேன். எங்கன்னு இப்ப சொல்லமாட்டேன். அந்த வாசனைக்கே நீங்க மயங்கி விழுந்துடுவீங்க." வைத்துவிட்டார். எந்தத் தெரு? எந்தக் கட்டடம்? யாருக்கும் தெரியாது! பழிகாரர், தெரிந்தேதான் எங்களை இப்படி அலையவிட்டிருக்கிறார்! இந்தச் சபையில் உறுதி எடுத்துக்கொள்கிறோம். அவர் வேலை பார்த்த கட்டடம் ஒவ்வொன்றுக்கும் போவோம். லிஃப்ட் குழிக்குள் தலையை விடுவோம், காவலாளி துரத்தினால் ஓடுவோம், மறுபடி வருவோம். அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் ஓயமாட்டோம். ஆனால் கண்டுபிடித்தது அதுதானா என்று யார் சொல்வது? முதல் வாய் யார் சாப்பிடுவது? எங்களில் யாருக்கு அந்தத் தகுதி இருக்கிறது?

இத்தனை நாளாக உங்களைப் பார்க்க வந்த நாங்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டோம். "சாப்பிட்டீங்களா?" நீங்களும் ஒரே பதில்தான் சொன்னீர்கள். "ஆச்சுப்பா." பொய்தான். அந்தக் கேள்விக்கு நம்மில் யார்தான் உண்மை சொல்லியிருக்கிறோம்? அண்ணன் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. அவர் கேட்டது வேறு. அதை உங்களிடம் கேட்க எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. இருந்தாலும் அவருக்குப் பதிலாக, அவர் என்னை வெளியே இழுத்த அந்தக் கையை நினைத்துக்கொண்டு கேட்கிறேன்.

அண்ணி, பசிக்குதா?

அவசரமில்லை, நான் காத்திருக்கிறேன். செயலாளரே, கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.

என்ன சொன்னீர்கள் அண்ணி? நர்ஸம்மா, அந்த மைக்கைக் கொஞ்சம் அண்ணி பக்கம் நீட்டுங்கள்.

கேட்டீர்களா சபையோரே? "பசிக்குதுப்பா" என்கிறார்கள்! அண்ணிக்குப் பசிக்கிறது!

பெரியவரே, துணியை எடுங்கள். முதல் தட்டு அண்ணிக்கு.