திரும்பி வராத குறிப்பு

— மெல்லமாக் கதை, கோணேசு. வேலிக்கு அங்கால காது இருக்கு.

— இருந்தாக் கேக்கட்டும். நான் என்ன களவுக் கதையோ கதைக்கிறன்? குசினிக்குள்ள அரிசி இல்லையெண்டு சொல்லுறன். கூப்பன் அரிசியும் முடிஞ்சுபோச்சு. கடை முதலாளி இனிக் கடன் தராராம். "நாயகத்தாருக்குக் கவுண்மேந்து குடுக்கிற மாசக் காசு நிண்டுபோச்சாமே" எண்டு எனக்கே சொல்லுறார். எங்களுக்கே நேற்றுத்தானே தெரியும். அவருக்கு ஆர் சொன்னது?

— முதலாளியை விடு. காசு தாற கந்தோருக்கு ஆர் சொன்னது? இராசநாயகத்துக்குச் சுகம் வந்திட்டுது, துறைமுக ஜெட்டியில மூட்டை தூக்குறான் எண்டு ஆர் போட்டுக் குடுத்தது? படுத்த கட்டிலில எழும்பி இருக்கவே, கேட்டியோ, கூரை வளையில கட்டின இந்தக் கயித்தைப் பிடிச்சுத் தொங்கவேண்டிக் கிடக்கு எனக்கு.

— அபூதாஹிர் காக்கா நேற்றுக் கந்தோரில கேட்டுக்கொண்டு வந்ததை இன்னொருக்காச் சொல்லுங்கோ. ஏதும் பிடிபடுதோ பாப்பம்.

— எத்தினை தரம் சொல்லுறது. கிளாக்கர் தலையை நிமித்தாமலே சொன்னவராம், வீடு தேடிப் போய் விசாரிச்சுத்தான் வெட்டினது, ஆளுக்குச் சுகம் எண்டு. ஆர் சொன்னதெண்டு காக்கா விடாமல் கேக்க, "றோட்டால போறவன் சொல்லேல்லை, நல்லாக் கிட்ட இருக்கிற ஆள்தான் சொன்னது" எண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள்ள சாட்சி ஆரையும் கூட்டிக்கொண்டு போனால் திரும்பிப் பாப்பினமாம். இல்லாட்டி அவ்வளவுதான்.

— ஆனந்தராசாவாய் இருக்குமோ? மாக் கப்பலில தூக்குக் கயிறு அறுந்து மூட்டையெல்லாம் உங்கட முதுகில விழ, அடுத்த நாளே உங்கட இடத்தில போய் நிண்டவர் அவர்தானே.

— அவன் இருக்கிறது உப்புவெளியில. கிட்ட இருக்கிற ஆள் எண்டால் யோசிச்சுப் பார். எங்களுக்குக் கிட்ட ஆர்? ஒரு கிடுகு வேலிதான் இடையில.

— றுக்கியாக்காவையோ சொல்லுறீங்கள்? உங்கட முதுகுக்கு எண்ணெய் காய்ச்சித் தாறவ அவதானே. நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போறதும் அவவின்ர மனுசன் அபூதாஹிர் காக்கான்ர மாட்டு வண்டிலில.

— அதுதான் யோசிக்கிறன். இவ்வளவு அன்பு என்னத்துக்கு? இனி ஒண்டு சொல்லுறன், கேட்டியோ. போன செவ்வாய் காக்கா என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, இஞ்ச இந்தக் கயிறு காணாமல்போச்சு. வந்து பாக்க விறகுக்குள்ள சுருட்டிக் கிடக்குது. ஆர் வந்து எடுத்தது?

— கயிறு ஊத்தையாக் கிடந்தது.

— அப்ப நீயோ அவிட்டனீ?

— கழுவ அவிட்டனான்.

— கழுவின கயித்தை ஆரும் விறகுக்குள்ள வைப்பினமோ?

— இப்ப கயித்தையோ பிடிச்சுக்கொண்டு நிக்கிறது? எனக்கும் அவவில ஒரு சந்தேகம் இருக்குத்தான். உங்களுக்குச் சொல்லேல்லை, மனம் நோகுமெண்டு. அதே செவ்வாய்தான். அவ தன்ர படலையடியில ஒரு மனிசனோட கனநேரம் கதைச்சுக்கொண்டு நிண்டவ. வெள்ளை வேட்டி, குடை, தோல் பை. கதைக்கேக்க கையை எங்கட வீட்டுப் பக்கம் காட்டிக் காட்டிக் கதைச்சவ.

— பாத்தியோ. நான் சொன்னனான். அதுதான் கந்தோர் ஆள்.

— இல்லையப்பா. அது மாப்பிள்ளையின்ர மாமன்.

— எந்த மாப்பிள்ளை?

— மூத்தவளுக்குப் புறோக்கர் பாக்கியரத்தினம் சொன்ன சம்பந்தம். "அவையள் சொல்லிப்போட்டு வராயினம், மாமன் ஓர்ஸ் ஹில்லில இருக்கிறார், அவர் ஒரு நாள் தனிய வந்து அயலட்டையில விசாரிப்பார், நீங்கள் தெரியாதமாதிரி இருங்கோ" எண்டு அவர் எனக்குச் சொல்லிவைச்சவர். அப்பிடித்தான் வந்தவர். எங்கையிருந்து வாறியளெண்டு கேட்டன், ஓர்ஸ் ஹில் எண்டவர். தேத்தண்ணி குடுத்தன். பிள்ளையின்ர வயசைக் கேட்டவர். வாயால சொல்லுவானேனெண்டு சாதகக் குறிப்பையே எடுத்துக் குடுத்தன். பையுக்குள்ள வைச்சுக்கொண்டு போனவர்.

— அண்டைக்குப் பின்னேரம் சாதகம் குடுத்தாச்செண்டு சொன்னது இதுதானோ?

— ஓம். பொருந்தாட்டி இவ்வளவு நாளுக்குள்ள குறிப்பைத் திருப்பி அனுப்பியிருப்பினம். அனுப்பேல்லை. அப்ப பொருந்திப்போச்சு. நான் பிள்ளைக்கும் சொல்லிப்போட்டன். அவள் கிணத்தடியில பாடுறது கேக்கேல்லையோ? ஆனால் ஒரு கதையும் வரேல்லை. பாக்கியரத்தினமும் கட்டைபறிச்சானுக்குப் போனவர் இன்னும் திரும்பேல்லை. அதுதான் எனக்கு நெஞ்சு இடிக்குது. இவ அந்த மாமனுக்கு என்னத்தைச் சொல்லி வைச்சாவோ.

— என்ன சொல்லியிருப்பா? தகப்பன் முடம் எண்டிருப்பா. கந்தோருக்குச் சுகம் எண்டு சொல்லியிருப்பா. ரெண்டு பக்கத்தாலயும் அறுத்திருக்கிறா.

— ஆரது படலையடியில?

— நான்தான் கோணேசு, றுக்கியா. கொஞ்சம் அரிசி கொண்டுவந்த நான். என்ன ரெண்டு பேரும் முகத்தை இப்படி வெச்சிக்கிட்டு இரிக்கிறீங்க?

— அரிசியைக் கொண்டுபோங்கோ அக்கா.

— ஏன்?

— கொண்டுபோங்கோ எண்டு சொன்னனான்.

— நாயகம் அண்ணன், நீங்களாவது சொல்லுங்க. நான் என்ன பிழை செஞ்ச?

— உட்காருங்கோ றுக்கியா. அந்தக் கதிரையில இருங்கோ. ஒரு கேள்வி, மறைக்காமல் சொல்லவேணும். போன செவ்வாய் உங்கட படலையடிக்கு ஒரு குடைக்காரர் வந்தவரோ?

— ஓம், வந்தாரு.

— என்னைப் பற்றிக் கேட்டவரோ?

— உங்களப் பத்தித்தான் கேட்டாரு. வேறென்னத்துக்கு வாறாரு.

— என்ன சொன்னனீங்கள் அக்கா? ஒளிக்காமல் சொல்லுங்கோ. என்ர பிள்ளையின்ர வாழ்க்கை இது.

— உள்ளதச் சொன்ன நான். அண்ணனுக்கு நடக்க ஏலா, குனிய ஏலா, கயித்தப் புடிச்சித்தான் எழும்புறாரு, கோணேசுதான் குளிப்பாட்டுறா எண்டு சொன்ன. மறுகா எங்கட மனுசன் வண்டில ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிரிக்காரு, வேணுமெண்டா நிண்டு பாத்துட்டுப் போங்க எண்டும் சொன்ன.

— கேட்டீங்களோ, இஞ்சேருங்கோ. தன்ர வாயாலயே சொல்லுறா. மாப்பிள்ளை வீட்டாளுக்கு இப்பிடியோ அக்கா சொல்லுறது? உங்களுக்கும் ஒரு குமர் இருந்தது. அவளைக் கேட்டு கிண்ணியாவால ஆக்கள் வந்து விசாரிக்க, நான் ஒரு குறை சொன்னனானோ? அவளுக்கு இழுப்பு வருத்தம் இருந்ததை நான் வாய் துறந்தனானோ?

— மாப்பிள்ளை வீட்டாளா? ஆரு?

— அந்தக் குடைக்காரர்.

— உனக்கென்ன புள்ள, தலை சுத்துதா? அவரு கந்தோர் ஐயா. எங்கட மாமிட பிச்சைச் சம்பளத்துக்கு, இதே கவுண்மேந்துக் காசுக்கு, விசாரிக்க வந்ததும் அவருதான். வந்தா ஆரெண்டு சொல்ல மாட்டாரு, சும்மா வழிப்போக்கன் மாதிரித்தான் கதை குடுப்பாரு. அவர எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சதாலதான் அண்ணனுக்கு ஏலாதத ஒண்டு விடாமச் சொன்ன. காசு நிண்டுடக் கூடாதே எண்டு.

— கோணேசு.

— ம்.

— அந்தாள் பேந்து இஞ்ச வந்தவர்.

— ஓம்.

— வந்து என்ன கேட்டவர்?

— வீட்டுக்காரர் எங்கையெண்டு கேட்டவர்.

— நீ என்ன சொன்னனீ?

— பாக்கியரத்தினம் சொல்லிவைச்சவரெல்லே, ஓர்ஸ் ஹில்லில இருந்து வருவாரெண்டு. அந்தாளும் ஓர்ஸ் ஹில் எண்டுதானே...

— நான் அதைக் கேக்கேல்லை. நீ என்ன சொன்னனீ?

— கப்பல் வந்திருக்கு, ஜெட்டிக்கு வேலைக்குப் போட்டார் எண்டு சொன்னனான்.

— முதுகு?

— அது முந்தி ஒருக்கா நொந்தது, இப்ப ரெண்டு மூட்டையை ஒண்டாத் தூக்குவார் எண்டனான். என்னைப் பாக்காதையுங்கோ அப்பிடி. சீதனம் குடுக்க வழியில்லாத வீடு. தகப்பனும் கட்டிலில கிடக்கிறாரெண்டால் ஆர் பொம்பிளை கேட்டு வருவினம்?

— அதுக்குத்தானோ கயித்தை அவிட்டு விறகுக்குள்ள ஒளிச்சனீ?

— அவர் எட்டி உள்ளுக்குப் பாப்பாரெண்டு பயந்தனான்.

— றுக்கியா சொன்னதை அந்தாள் உன்னட்டைச் சொல்லேல்லையோ?

— சொன்னவர். பக்கத்து வீட்டு அம்மா வேற மாதிரிச் சொன்னாவே எண்டு கேட்டவர்.

— அதுக்கு?

— அக்கா இருக்கிறா. வேண்டாம்.

— அவவுக்கு முன்னாலயே சொல்லு.

— அவவுக்கு எங்களில எரிச்சல், அவவின்ர கதையை எடுக்காதையுங்கோ எண்டு சொன்னனான்.

— எழும்பாதையுங்கோ றுக்கியா, இருங்கோ.

— அக்கா.

— பரவாயில்ல. எனக்கு இப்பதான் வெளங்குது, அண்டைக்கு அவரு உன்ட வீட்டால வரக்குள்ள என்னப் பாத்து ஏன் அப்படிச் சிரிச்சிட்டுப் போனாரு எண்டு. அரிசி மூலையில இரிக்கு. உலை வை.

— றுக்கியா, நான் உங்களைத்தான் சந்தேகப்பட்டனான். நீங்கள் வாறதுக்கு முதல்கூட உங்களைப் பற்றித்தான் கதைச்சனாங்கள்.

— என்ட பேரு மட்டும் கேட்டிச்சு அண்ணன். கிடுகு வேலிதானே. அதுக்காண்டித்தான் அரிசியத் தூக்கிக்கிட்டு வந்த, என்னெண்டு கேப்பம் எண்டு. மறுகா இதக் கேளுங்க. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முன்னம் உங்கள வண்டில ஏத்திக் கந்தோருக்குக் கொண்டுபோவம். நானும் வாறன். ஆனா நான் சொல்லி என்ன, நான் எரிச்சல்காரியாச்சே. பொண்டாட்டி சொன்னதுதான் அங்க நிக்கும். கோணேசுதான் வந்து வாய் துறக்கணும்.

— நானோ? அவ்வளவு சனத்துக்கு முன்னால, என்ர புருசனுக்கு ஒண்டும் ஏலாது, நான் சொன்னதெல்லாம் பொய் எண்டோ? துறைமுகம் முழுக்க அண்டைக்கே தெரிஞ்சுபோம். பேந்து பிள்ளையின்ர சம்பந்தம்?

— எந்தச் சம்பந்தம் கோணேசு? ஆர் வந்தது எங்கட பிள்ளையைக் கேட்டு? இன்னும் ஒருத்தரும் வரேல்லை.

— மெல்லமாக் கதையுங்கோ. அவள் கிணத்தடியில பாடுறாள். குறிப்பு மாப்பிள்ளை வீட்டில இல்லை, கந்தோரில உங்கட பைலுக்குள்ள கிடக்குதெண்டு அவளுக்கு ஆர் போய்ச் சொல்லுறது?