நேர்ச்சைச் சோறும் என் மகளின் தொண்டையும்

திருவிழாக் குழுவைத் தோளில் சுமக்கும் தலைவர் யேசுரத்தினம் அண்ணன் அவர்களே! பொறுமையே உருவாக வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியவர்களே! மீன்கூடையை இறக்கிவைத்த கையோடு வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே! பந்தி எப்போது என்று பந்தலுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் இளைஞர்களே! அனைவருக்கும் இந்த ஏசுஅடிமையின் வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியும். கரையில் மீன் ஏலம் கூறுகிறவன். நான் எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. எட்டாம் வகுப்புதான் என்னைத் தாண்டிப் போனது. இந்த முரட்டுத் தொண்டைக்காகவே நன்றியுரைக்கு என்னை அழைத்தீர்கள். நான் பேச வந்ததோ இன்னொரு தொண்டையைப் பற்றி. என் மகள் டெல்சியின் தொண்டை.

டெல்சிக்கு இறால் ஒவ்வாது. சிரியுங்கள், சிரியுங்கள். கடலை நம்பிக் கஞ்சி குடிக்கிறவன் வீட்டில் கடல் உணவே பகையா? "ஏலக்காரனுக்க மவளுக்கு இறாலு ஆவாதாம், இவள எந்தக் கடப்புறத்துல கெட்டிக் கொடுப்ப?" என்று கேட்காத வாய் இந்தக் கரையில் உண்டா? மலைப்பக்கம் கீரிப்பாறையில் மாப்பிள்ளை பார்க்கிறேன் என்று நானும் பல்லைக் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

சென்ற திருவிழாவில் அந்தச் சிரிப்பு செத்தது. இதே பந்தல், இதே நேர்ச்சை விருந்து. மாங்காய் போட்ட இறால் குழம்பு ஊரை மணக்க வைத்தது. என் பிள்ளை வெறுஞ்சோற்றில் மோரூற்றித் தின்றுகொண்டிருந்தாள். என் அக்காள் ரீத்தா, அதோ பந்தல்காலோரம் இருக்கிறாள், தலையைக் குனியாதே அக்கா, உன் பாசத்தை ஊர் அறியும், குழம்பில் பிசைந்த உருண்டையோடு டெல்சி முன்னால் போய் நின்றாள்.

"புனிதருக்க பேருல ஆக்குனது, மக்கா. இது ஒண்ணும் செய்யாது. வாயத் தெற."

நேர்ச்சைச் சோறு நோய் தீர்க்கும், நோய் தராது. இதுதானே நம் நம்பிக்கை? அத்தையை மறுக்கலாம், புனிதரை எப்படி மறுப்பாள் அந்தப் பிள்ளை? வாயைத் திறந்தாள்.

உதடு தடித்தது. கண் வீங்கி மூடியது. பரிமாறும் வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். "தொண்டைக்குள்ள யாரோ சுருக்குப் போடுறாவ, அப்பா" என்றாள். அதற்குமேல் குரல் வரவில்லை. கருங்கல் ஆஸ்பத்திரிக்கு விரைந்த ஆட்டோவில் என் மடியில் கிடந்தது மகளா, மணலில் இழுத்துப் போட்ட மீனா? வாய் திறந்து திறந்து மூடியதே! ஆயுளெல்லாம் அப்படித் துடிக்கும் வாய்களுக்கு விலை கூறியவன் நான். அன்று எனக்கு வாயே இல்லை.

ஊசி போட்டு மீட்டார்கள். பக்கத்துக் கட்டில்களைப் பார்த்தேன். பால் சேராத பிள்ளை, முட்டைக்குத் தடிக்கும் பிள்ளை, தூசு பட்டால் மூச்சு இழுக்கும் பிள்ளை. இத்தனை பேருக்கா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். பிள்ளைகளிடம் ஒவ்வாமை சாதாரணம்தான், நீங்கள் மூடி மறைப்பதால்தான் அபூர்வமாய்த் தெரிகிறது என்றார்.

மறைப்பது யார்? கேட்கிறேன். இழுப்போ, அரிப்போ, ஒவ்வாத உணவோ உள்ள பிள்ளை யார் வீட்டில் உண்டு? கையை உயர்த்துங்கள். என்ன தயக்கம்? மீனுக்கு உயரும் கை பிள்ளைக்கு உயராதா? ஆ, ஒன்று. அங்கே ஒன்று. சேலைக்குள் பாதி ஒளிந்த கை ஒன்று. அம்மம்மா, பந்தலில் பாதி! அதோ, பந்தல்காலோரம்... ரீத்தா அக்கா, நீயுமா? பேரன் லிஜினுக்கு இழுப்பா? ஒரே வயிற்றில் பிறந்த என்னிடம்கூடச் சொல்லவில்லையே!

இன்று காலையில் குழுவிடம் கேட்டேன்: இறால் படாத ஒரு பானை, ஒரு கரண்டி. ஒரு பிள்ளைக்காக ஊர் வழக்கத்தை மாற்றவா என்றார்கள். ஒரு பிள்ளையா? இப்போது எண்ணிக்கொள்ளுங்கள். என்ன அண்ணா? "அடுத்த வருசம் பாப்போம்லே" என்கிறார் தலைவர். நன்றி அண்ணா. அடைத்த தொண்டை அடுத்த வருடம்வரை காத்திருக்குமா?

டெல்சி இன்று வரவில்லை. கதவைத் தாழிட்டு வீட்டில் இருக்கிறாள். கடலுக்கு அஞ்சியா? இல்லை. நோய்க்கு அஞ்சியா? இல்லை. உங்கள் அன்புக்கு அஞ்சி!

நன்றி சொல்லத்தானே அழைத்தீர்கள்? பந்தலிட்டவர்களுக்கு நன்றி. சமைத்தவர்களுக்கு நன்றி. பாவம் பிள்ளை என்று கிண்ணத்தில் குழம்பெடுத்து என் வீட்டுக் கதவைத் தட்டப்போகும் தாய்மார்களுக்கு முன்கூட்டியே நன்றி. தட்டாதீர்கள். வணக்கம்.