ஜாக்கெட்டும் ஜெபமும்

திண்டிவனத்தில் ஏறிய விழுப்புரம் பேருந்தில் ஒழுங்காக நிற்கக்கூட இடமில்லை. கிறிஸ்துமஸுக்குத் துணி வாங்கிய கூட்டம், ஆளுக்கு நாலு பை. எரிச்சலோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன் இருக்கையில் இரண்டு பெண்கள். அவர்களில் இளையவள் தையல்காரி என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"அக்கா, பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்ட மார்பு முப்பத்தாறுன்னு சொல்லிட்டேன்."

"அடிப்பாவி! யாரு அளவுடி அது?"

"உன்னுதுதான்."

பெரியவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"சிரிக்காதக்கா. கிறிஸ்துமஸ் துணியா, திருவருகைக் காலம் பூரா தைச்சிக்கினே இருந்தேன். முட்டி போட்டா ஜெபம் வரல, அளவுதான் வருது. இந்த வருஷம் ஏசு என் வீட்டுக்கு வரமாட்டாருன்னு அங்கியே அழுதுட்டேன்."

"ஃபாதர் திட்டினாரா?"

"இல்ல. யாருக்குத் தைக்கிறியோ அவங்களுக்காக வேண்டிக்கினே தைம்மான்னாரு. நேத்து உன் ஜாக்கெட்டுக்குக் கை வச்சித் தைக்கிறப்போ, உன் தோள்வலி போவணும்னு வேண்டிக்கினேன். இந்த மாசத்துல எனக்கு வந்த மொத ஜெபம் அதான்க்கா. நெஞ்சே லேசாயிடுச்சு."

பெரியவள் முந்தானையில் மூக்கைச் சிந்தினாள்.

"ஜல்தியா முடிச்சிக் குடுன்னு சண்டை போடத்தான் உன் பக்கத்துல வந்து உக்காந்தேன். வேணாம்டி. மெதுவாவே தை."