நால்வர் வரிசை

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது சார். எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணிக்குக்கூட இப்படி ஒன்று கிடையாது. நான் வந்தது முனியாண்டி அண்ணனுக்காக. என் கூட்டாளி அர்ச்சுனனைக் கொன்றது அவர் சுட்ட குண்டுதான், ஆனால் குற்றம் அவருடையது இல்லை. மூன்று நாளாக அவரை உள்ளே வைத்திருக்கிறீர்கள். மனிதர் சோறு தண்ணீர் இல்லாமல் அழுதுகொண்டே இருக்கிறாராம், அவர் மனைவி மங்கம்மா சொன்னார். அவரை விட்டுவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் வீடியோ கேமைச் சொல்ல வேண்டும். தெமியாங்கில் ஒரு கடை மாடியில் கால்பந்து ஆடலாம். சனிக்கிழமைதோறும் நானும் அர்ச்சுனனும் எங்கள் தோட்டம் இருக்கிற கோலா சாவாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் போவோம். இருவரும் ஒரே அணி. மற்றவர்கள் எல்லாம் கோல் அடிக்கிறவனைத் தேடித் தேடி எடுப்பார்கள். நான் தற்காப்பைக் கட்டினேன். அதற்கு வேகமான ஆட்கள் வேண்டாம் சார், சொன்ன இடத்தில் நிற்கிற நாலு பேர் போதும். நடுவில் உயரமானவர்கள் இரண்டு பேர், ஓரத்துக்கு ஒருவர், எல்லாரும் ஒரே கோட்டில். எதிராளி பந்தைத் தள்ளப்போகும் நேரம் பார்த்துப் பொத்தானை அழுத்தினால் நாலு பேரும் ஒன்றாக ஓரடி முன்னே வருவார்கள். வந்தவன் பின்னால் தனியாக மாட்டிக்கொள்வான். ஆஃப்சைடு, அவன் கோல் அடித்தாலும் செல்லாது. யாரையும் தொடவே வேண்டாம். இது கைக்கு வர எனக்கு எட்டு மாதம் பிடித்தது.

ஒருவன் பின்தங்கினாலும், முந்திக்கொண்டு ஓடினாலும் எல்லாம் கெட்டுவிடும். என்ன செய்ய, அர்ச்சுனனுக்கு அது மண்டையில் ஏறவே இல்லை. பந்தைக் கண்டால் போதும், தன் ஆளை வரிசையிலிருந்து இழுத்துக்கொண்டு பறப்பான். நான் பொறுமையாகத்தான் சொன்னேன்.

“வரிசையில நில்லுடா. நீ ஓடுனா அங்க கதவத் தொறந்து விட்ட மாதிரி.”

“பந்து இங்க ஓடுது, நான் அங்க நின்னு சாமியா கும்பிடறது? வெறும் கேம்லா, மாயாண்டி. இதுக்குப் போயி மூஞ்சத் தூக்கிக்கிற.”

நல்ல பையன் சார். எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வான். போன மாதம் கடையில் போட்டி வைத்தார்கள். கடைசி ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில் அவன் ஓடினான். அவன் விட்டுப்போன இடத்தில் கோல் விழுந்தது. கடையே சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. வீடு வரும்வரை நான்தான் மோட்டாரை ஓட்டினேன். அவன் பின்னால் உட்கார்ந்து பாடிக்கொண்டே வந்தான்.

இப்போது வேட்டைக்கு வருகிறேன். இளம் செம்பனைக் கன்றுகளைக் காட்டுப்பன்றி தின்றுவிடும் என்பதால் ஞாயிறு காலையில் விரட்டப் போவோம். நான், அர்ச்சுனன், மணியம், அவன் தம்பி, நாலு பேரும் தகரம் தட்டிக்கொண்டு ஒரே வரிசையாகப் புதரில் நடப்போம். லைசென்ஸ் துப்பாக்கியோடு முனியாண்டி அண்ணன் பக்கத்து மேட்டில் நிற்பார். பன்றி நெருங்கினால் நான் கை காட்டுவேன். எல்லாரும் புதர் ஓரத்துக் கால்வாயைத் தாண்டி இப்பால் வந்துவிட வேண்டும். தலைகளை எண்ணிவிட்டுத்தான் நான் விசில் ஊதுவேன். விசிலுக்குப் பிறகு அப்பக்கம் எது அசைந்தாலும் அது பன்றிதான். அண்ணன் யோசிக்காமல் சுடுவார். ஆறு வருடமாக இது என் வேலை. ஒரு நாய்க்குக்கூட அடிபட்டதில்லை.

அன்றைக்கு நான் கை காட்டியதும் மணியமும் தம்பியும் தாண்டி வந்துவிட்டார்கள். அர்ச்சுனன் உறுமலைக் கேட்டுத் தகரத்தைப் போட்டுவிட்டு, கட்டையோடு பன்றியின் பின்னாலேயே ஓடினான். லாலான் புல் அவன் தலைக்கு மேல் மூடிக்கொண்டது. நான் கூப்பிட்டிருக்கலாம். எத்தனை முறைதான் கூப்பிடுவது? அவன் மேல் எனக்குக் கோபம்கூட இல்லை. நாங்கள் மூவரும் எங்கள் இடத்தில் நின்றோம்.

தோட்டத்தில் எல்லாரும் எனக்காக இரக்கப்படுகிறார்கள். நேற்று அவன் அம்மா முத்தாயி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “நீ என்னாப்பா செய்வ, அவசரத்துல தலைய எண்ண மறந்துட்ட” என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை சார். நீங்களும் அப்படியே எழுதிவிடாதீர்கள். நான் எண்ணினேன். என்னையும் சேர்த்து மூன்று. அதன் பிறகுதான் ஊதினேன்.