முப்பத்தேழு பிள்ளைகளுக்கு நான் போட்ட மார்க்

காப்பியைக் குடியுங்கள் டாக்டரம்மா, ஆறிவிடும். கோவில்பட்டித் தண்ணீரில் லேசாக உப்பு உண்டு, காப்பியில் தெரியாது. திருநெல்வேலியில் இருந்து இவ்வளவு தூரம் வந்து, என் வீட்டில் உட்கார்ந்து, மரியாதையாகக் கேட்கிறீர்கள். நானும் மரியாதையாகவே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் பூவனலிங்கம். தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறேன். இங்கே தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். எங்கள் அப்பா காலத்தில் இருந்து அறுபது வருடமாக எங்கள் ஆபீஸில் ஒரு குச்சிகூட நேரம் தப்பி எரிந்ததில்லை. எங்கள் குடும்பத்தில் எல்லோரும் நிதானமானவர்கள், அதுதான் காரணம். நெருப்பை வைத்துப் பிழைக்கிறவன் வீட்டில் ஒரு பிள்ளை நிலைகொள்ளாமல் திரிகிறது என்று வெளியே தெரிந்தால், எங்களிடம் பெண் எடுக்கவும் யோசிப்பார்கள், கொடுக்கவும் யோசிப்பார்கள்.

என் பேத்தி முத்துசெல்விக்கு எட்டு வயது. அவளுக்கு வைத்தது என் அம்மாவின் பெயர். அம்மா பந்தியில் உட்கார்ந்தால் சாப்பிட்டு முடிக்கும்வரை அசைய மாட்டார். இவள் உட்கார்ந்தால் பக்கத்து இலையும் சேர்ந்து நகரும். போன ஆடி மாதம் பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, மூடியைத் திறந்து, எதிரொலி கேட்கிறதா என்று உள்ளே தன் பெயரைச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். கேட்டதாம்.

அதன் பிறகுதான் மருமகள் ஜெயப்பிரியா எனக்குத் தெரியாமல் அவளை உங்களிடம் கூட்டிவந்தாள். பிள்ளையைத் தினமும் பார்க்கிற டீச்சர் நிரப்பித் தர வேண்டும் என்று நீங்கள் ஒரு ஃபாரம் கொடுத்தீர்கள். சேட்டை, கவனம் பற்றி இருபத்தெட்டு வரி. ஒவ்வொரு வரிக்கும் 'இல்லவே இல்லை' என்றால் பூஜ்யம், 'மிக அதிகம்' என்றால் மூன்று. மார்க் கூடக் கூடக் கோளாறும் கூடுதல்.

மூன்றாம் வகுப்பு சுகுணா டீச்சர் நிரப்பியதை, பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவர் என்ற முறையில் வாங்கிப் பார்த்தேன். அறுபத்தொன்பது. டீச்சரை ஆபீசுக்கு வரச் சொன்னேன்.

"டீச்சர், இதக் கொஞ்சம் கொறைக்க முடியாதா?"

"பரீட்சைப் பேப்பர்னா பாக்கலாம் ஐயா. இது பிள்ள எப்படி இருக்குன்னு டாக்டருக்குச் சொல்லுத பேப்பர்லா. நல்ல கெட்டிக்காரப் பிள்ள. அடிச்சும் பாத்தாச்சு, வெளிய நிப்பாட்டியும் பாத்தாச்சு. இனி அவியளாவது ஒரு வழி சொல்லட்டும்."

"எங்க குடும்பத்துல இப்படி யாரும் கிடையாது, கேட்டீயளா?"

"நீங்களே இப்ப நாலு தடவ எந்திரிச்சு உக்காந்துட்டீய ஐயா."

நான் எழுந்தது மின்விசிறியைக் குறைப்பதற்கு. பிறகு கூட்டுவதற்கு.

டீச்சர் போன பிறகு நிதானமாக யோசித்தேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அடைத்த பெட்டிகளில் இருந்து ஒன்றை எடுத்துக் குச்சியை எண்ணுவோம். ஐம்பது இருக்க வேண்டிய பெட்டியில் அறுபது இருந்தால் அந்தப் பெட்டி கோளாறு. எல்லாப் பெட்டியிலும் அறுபது இருந்தால் ஒன்றும் கோளாறு இல்லை; அந்த லாட்டுக்கு அறுபதுதான் கணக்கு. என் பேத்தி கோளாறான பெட்டி இல்லை என்று காட்ட, மற்ற பெட்டிகளைச் சரிசெய்தால் போதும்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் முப்பத்தேழு ஜெராக்ஸ் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் லீவு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து, வகுப்பில் மிச்சமிருந்த முப்பத்தேழு பிள்ளைகளுக்கும் நானே நிரப்பினேன். எல்லோருக்கும் ஒரே மார்க் போட்டால் நன்றாக இருக்காது என்று அறுபத்தைந்தில் இருந்து எழுபத்தைந்துக்குள் மாற்றி மாற்றிப் போட்டேன். ஒவ்வொன்றின் அடியிலும் டீச்சர் பெயரை எழுதினேன். கையெழுத்து என்று சொல்ல மாட்டேன், பெயர்தான். டீச்சர் தன் கையால் எழுதிய பேத்தியின் ஃபாரத்தை நான் தொடவே இல்லை. அடுத்தவர் எழுதியதைத் திருத்துவது அயோக்கியத்தனம்.

முப்பத்தெட்டையும் உங்களுக்குத் தபாலில் அனுப்பினேன். கோவில்பட்டிப் பிள்ளைகள் எல்லாமே இப்படித்தான், கவலை வேண்டாம் என்று பதில் போடுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் ஜீப்பில் வந்தீர்கள்.

ஊசி, பஞ்சு, ரத்தம் எடுக்கிற குப்பிகள். தீப்பெட்டி மருந்து காற்றில் கலந்து பிள்ளைகள் புத்தி பேதலித்துவிட்டது என்று எட்டயபுரம் வரைக்கும் பேச்சு போய்விட்டது. ஊசியைப் பார்த்தே மூன்று பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள், பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருந்த தகப்பன் ஒருவரும் விழுந்தார். நந்தகோபால் என்ற பையனுக்கு நான் 'இடத்தில் தரிக்க மாட்டான்' என்ற வரியில் மூன்று போட்டிருந்தேன். நீங்கள் அவன் எதிரே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள். மூக்கில் உட்கார்ந்த ஈயைக்கூட அவன் விரட்டவில்லை. உங்களுக்குச் சந்தேகம் வந்தது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

ஃபாரம் எல்லாம் பொய் என்று ஆனதும் கமிட்டி கூடியது. தலைவர் நான். சுகுணா டீச்சரை நிற்க வைத்துக் கேட்டோம்.

"நான் ஒரே ஒரு ஃபாரந்தான் எழுதுனேன் ஐயா," என்று என்னைப் பார்த்தே சொன்னார். "வீட்டுக்காரருக்கு ஒடம்பு முடியாம கிடக்கு. இந்த வேலைய வச்சுத்தான் அடுப்பெரியுது. தெரிஞ்சதச் சொல்லுங்க."

நான் பேசவில்லை. தலைவர் நடுநிலையாக இருக்க வேண்டும். கவனக்குறைவு என்று காரணம் எழுதி, டீச்சரை வேலையில் இருந்து நிறுத்தினோம். ஆர்டரில் முதல் கையெழுத்து என்னுடையது. அது நிஜமான கையெழுத்து.

நேற்று நீங்கள் மறுபடி பள்ளிக்கூடம் வந்தபோது முத்துசெல்வி யாரும் கேட்காமலே பெஞ்சு மேல் ஏறி நின்று சொல்லியிருக்கிறாள்: "டீச்சர் எழுதல. எங்க தாத்தாதான் எழுதுனாவ. பேனாவுக்கு நான்தான் மை ஊத்திக் குடுத்தேன். கீழ சிந்துனதும் நான்தான்."

ராத்திரி நான் அவளைக் கேட்டேன். "ஏட்டி, ஒன்னைய யாரு சொல்லச் சொன்னா?"

"யாரும் சொல்லல தாத்தா. டீச்சர் அழுதாவல்லா?"

இவ்வளவுதான் நடந்தது. முப்பத்தேழையும் எழுதியது நான். டீச்சரை வீட்டுக்கு அனுப்பியதும் நான். அவரை நாளைக்கே திரும்ப எடுக்க வேண்டும் என்கிறீர்கள், எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கமிட்டி நோட்டில் ஜெராக்ஸ் கடைக்காரன் தாளை மாற்றிக் கொடுத்துவிட்டான் என்றுதான் எழுதுவேன். அவன் வெளியூர், கயத்தாற்றுக்காரன், ஒன்றும் நினைக்க மாட்டான்.

வைத்தியத்துக்கும் கூட்டிப் போங்கள், தடுக்கவில்லை. ஆனால் டாக்டரம்மா, உங்கள் ஃபாரத்தில் இருபத்து மூன்றாவது வரியை ஒரு தடவை பாருங்கள். 'செய்த தப்பை ஒத்துக்கொள்ளாமல் அடுத்தவர் மேல் போடும் பழக்கம்.' மற்ற முப்பத்தேழு பிள்ளைகளுக்கும் அதில் மூன்று இருக்கிறது. முத்துசெல்விக்கு மட்டும் டீச்சர் பூஜ்யம் போட்டிருக்கிறார். சரியாகத்தான் போட்டிருக்கிறார். முதலில் அந்தப் பூஜ்யத்துக்கு ஏதாவது மருந்து பாருங்கள். பிள்ளைக்கு அது எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. எங்கள் குடும்பத்தில் அப்படி யாரும் கிடையாது.