இருபத்திரண்டு பேர் ஏறிய வண்டி

— அழிக்காதே, வாத்தியாரே. முதல்லேருந்து போடு.

— மூணாவது தடவை, டிரைவரே. சாக்பீஸ் தேஞ்சு நகம்தான் தரைல கீறுது.

— எங்கயோ தப்புப் பண்ணியிருக்கே. எடை எப்படிக் காணாமப் போகும்?

— காணாமப் போகலை. மேலயும் இருக்கு, கீழயும் இருக்கு. ரெண்டையும் அடிச்சாச்சு. சரியா?

— இருபத்திரண்டு பேரு. பின்னாடி மூணு மூட்டை மாங்கா. கூரை மேல ஒரு சோபா. எல்லாத்தையும் ஒரே கோட்டுல எறக்கி விட்டுட்டியே.

— நான் எறக்கலை. கணக்கு எறக்குது.

— பதினாலு பேர் ஏத்துற மட்டாட்டு வேன் அது. நீ ஒரு நாள் ஓட்டிப் பாரு. ஆள் ஏற ஏற வண்டி சொன்ன பேச்சு கேக்காது.

— கெளம்ப மாட்டேங்கும், மேடு ஏற மாட்டேங்கும், ஒத்துக்கறேன். சக்கரம் பூட்டிக்கிட்டு வழுக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் வேற கதை. எடை கூடினா முன்னாடி தள்ளுறது கூடும். ரோடு புடிச்சு இழுக்கறதும் அதே அளவு கூடும். சரியா?

— சரியில்லை.

— நான் வித்த வினாத்தாள்ல இதே கேள்வியை வெச்சிருந்தேன். பாதிப் பசங்க உன்னை மாதிரிதான் எழுதியிருப்பாங்க. நாலு மார்க் போச்சு.

— நீ வித்தது போலித் தாளு. அதுல ஒரு கேள்விகூடப் பரிட்சைக்கு வரலை. வாங்கின பசங்களே உன்னைப் புடிச்சுக் குடுத்தாங்க.

— கேள்வி வரலை. ஆனா விடை எல்லாம் சரி. நீதிபதிகிட்டயும் இதைச் சொன்னேன்.

— சிரிச்சாரா?

— அஞ்சு வருஷத்துக்குச் சிரிச்சார்.

— கேளு, சிமியு. செவ்வாக்கிழமை அப்பீல். வக்கீல் கெடையாது, நானே நின்னு பேசணும். முதலாளி ஏத்தச் சொன்னான், ஏத்தினேன். அந்த எடைலதான் வண்டி நிக்கலை. அப்போ குத்தவாளி அவன்தானே? இதைக் கோர்ட்டுல ஒழுங்காச் சொல்லணும்னுதான், இந்த வயசுல ஜெயில் கிளாஸ்ல பெஞ்சுல குந்திக்கிட்டு இந்த எழவைப் படிச்சேன்.

— உராய்வு சொல்லிக் குடுன்னு கேட்டே. எதுக்குன்னு இன்னிக்குத்தானே சொல்றே, முசெம்பி.

— சொல்லியிருந்தா?

— சொல்லியிருந்தா வெப்பம் பாடத்துலேருந்து ஆரம்பிச்சிருப்பேன். உராய்வு வரவே வராது. நிம்மதியா இருந்திருப்பே.

— சும்மா இருய்யா. டயரைச் சொல்லு. முன்னாடி ரெண்டும் மொட்டை. மாத்துங்கன்னு முதலாளி கால்ல விழாத குறை.

— அன்னைக்கு மழையா?

— எங்க பக்கம் மழையா? ஆடு தூசியைத் தின்னுக்கிட்டு நின்னுச்சு.

— அப்போ அதுவும் போச்சு. காஞ்ச ரோட்டுல மொட்டை டயரும் நல்லாவே புடிக்கும். மழையா இருந்திருந்தா ரெண்டு மார்க் போடலாம்.

— இன்னொரு தடவை மார்க்குன்னு சொன்னே, வாயிலயே குத்துவேன்.

— குத்து. கதவுகிட்ட வார்டர் நிக்கிறார். அப்பீலுக்கு நல்லா இருக்கும்.

— பிரேக்? பிரேக் சரியில்லைன்னு சொன்னா?

— ரோட்டுல ரெண்டு கறுப்புக் கோடு விழுந்துச்சுன்னு நீதான் சொன்னே. பிரேக் புடிக்காம கோடு விழாது. எவ்வளவு நீளம்?

— நாப்பது மீட்டர்னு போலீஸ்காரன் எழுதினான்.

— காஞ்ச ரோடு. புடிப்பு குறைச்சலா வெச்சாலும் அரை. நாப்பது... நானூறு... வேகம் இருபது. மணிக்கு எழுபத்திரண்டு. கோர்ட்டுல எவ்வளவுன்னு சொன்னே?

— அம்பது.

— இதை முதல்ல அழிச்சிடறேன்.

— தரைல அழிச்சு என்ன? அவங்க காயிதத்துல நாப்பது இருக்கு. எவனாவது உன்னை மாதிரி ஒருத்தன் உக்காந்து போட்டுப் பாத்தான்னா?

— கோர்ட்டுல எவனும் கணக்குப் போட மாட்டான். பயப்படாதே.

— பயமில்லை. அசிங்கமா இருக்கு.

— முதலாளி வந்து பாத்தானா?

— ஒரு தடவை. சோப்பு குடுத்துட்டுப் போனான். அந்த வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடிச்சு ஓட்டுறானாம். என் பொண்டாட்டி அதுலதான் சந்தைக்குப் போய்ட்டு வர்றா. எங்க ரோட்டுல வேற வண்டி இல்லை.

— சரி. ஒண்ணே ஒண்ணு பாக்கி இருக்கு. கணக்கை இப்படிப் போடுவோம். தடை எங்க இருந்துச்சு?

— தடைங்காதே. செத்துப்போன பொண்ணு அது, மும்புவான்னு பேரு. அவ அம்மா கோர்ட்டுல அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு.

— மும்புவா எங்க இருந்தா?

— பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல. ரோட்டு நடுவுல.

— நீ முதல்ல எப்போ பாத்தே?

— பெருக்க மரத்தைத் தாண்டுறப்போ.

— மரத்துக்கும் அவளுக்கும்?

— நூறு மீட்டர். கூடவும் இருக்கும்.

— நூறா?

— அந்த ரோட்டுல எனக்குத் தெரியாத குழி இல்லை. நூறு.

— முசெம்பி, நாப்பதுல நின்ன வண்டி அது. மொட்டை டயரு, மாங்கா, சோபா, எல்லாத்தோடயும் நாப்பதுதான். உன் கைல நூறு இருந்திருக்கு.

— ம்.

— திடீர்னு அவ குறுக்க ஓடி வந்தான்னு சொன்னியே. நான்கூட நம்பினேன்.

— எல்லாரும் அப்படித்தான் சொல்லச் சொன்னாங்க.

— அப்போ பாத்தவுடனே ஏன் பிரேக்ல கால் வெக்கலை? தூக்கமா? போன்ல பேசிக்கிட்டு இருந்தியா?

— கிதேரி வாளிச் சத்தம் கேக்குது, சாப்பாடு வந்தாச்சு. எந்திரி. லேட்டாப் போனா பயறு எல்லாம் போயிடும், சோளம்தான் மிஞ்சும்.

— மிஞ்சட்டும். சொல்லு.

— கையைத் தூக்கிக்கிட்டு நின்னா.

— நிறுத்தச் சொல்லியா?

— அவளுக்குப் பின்னாடி சின்னப் புள்ளைங்க ரோட்டைத் தாண்டிக்கிட்டு இருந்துச்சுங்களாம். வகுப்புத் தலைவியாம், தாட்டி விடுற வேலை அவளுதாம். எல்லாம் அப்புறம் கோர்ட்டுல சொன்னது. எனக்குத் தூசில புள்ளைங்க தெரியலை. கை மட்டும்தான் தெரிஞ்சுது.

— கை தெரிஞ்சுதுல்ல?

— ரோட்டுல ஒருத்தர் கை காட்டினா டிரைவருக்கு அது பாசஞ்சர்தான், சிமியு. வேற எதுவுமே தோணாது. எனக்கும் தோணலை. ஹார்ன் அடிச்சேன். எடமில்லைன்னு இப்படிக் கையை ஆட்டினேன்.

— அவ?

— நகரலை.

— முசெம்பி...

— ஒரு சீட்டு காலியா இருந்திருந்தா மரத்துகிட்டயே பிரேக் போட்டிருப்பேன், வாத்தியாரே.