தலையில் படாத பந்து

சேரன்மகாதேவி போகும் ரயிலில் எனக்கு எதிரே கல்லூரிப் பையன்கள் இருவர், முழங்காலெல்லாம் சேறாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்.

"பந்து தலைக்கு நேரா வருது, நீ குனியுதே! பின்னால கோல் விழுந்து கடைசி ஆட்டமே தோத்தாச்சு. வருசம் பூரா தலையாலதானலே முட்டுனே?"

"இன்னைக்கு அப்பா பாக்க வந்திருந்தாவ. பந்து மாட்டுத்தோலு. சைவ வீட்டுப் பிள்ளை அதைத் தலையில வாங்குனா அவிய வீட்டுக்குள்ள விடமாட்டாவ."

"கால்ல பட்டா மட்டும்?"

"காலைக் கழுவிக்கிடலாம்."

"உன் ஆசாரத்துல இடி விழ! இதுக்காலே மழையின்னும் பாக்காம ஓடுனோம்? சரி, ஆட்டம் முடிஞ்சதும் உங்கப்பா என்ன சொன்னாவ?"

மற்றவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"செவிட்டுல ஒண்ணு விட்டாவ. 'தலையைக் கொடுத்து முட்ட வேண்டியதுதானலே, மூதி'ன்னாவ."